காலியிடம்

"இவ்வளவு இடம் சும்மா கிடக்கேம்மா! நிரப்பு!"

செருப்புக் கடைச் சுவரொட்டியில் விளம்பர நிறுவன முதலாளியின் சிவப்புப் பேனா ஒரு பெரிய வட்டம் போட்டது.

"சுத்தி இடம் விட்டாத்தான் சார் கண்ணு நேரா செருப்புக்குப் போகும்," என்றாள் டிசைனர். "கூட்டத்துல நிக்கிறவரைவிட, மைதானத்துல தனியா நிக்கிறவர்தானே சட்டுனு தெரியறார்?"

"எனக்கே பாடமா? இதைப் பாரு!" முதலாளி கைபேசியை நீட்டினார். டிசைனர்களுக்கான செய்தித்தளம். ஒரு போட்டியில் முதல் பரிசு பெற்ற சுவரொட்டியில் வெள்ளைத்தாள் முழுக்க வெறுமை. கீழ்மூலையில் ஒரே ஒரு நீர்த்துளி.

"புனைபெயர் 'புள்ளி'யாம். எவ்வளவு இடம் விட்டிருக்கான்! அந்தத் தைரியம் உனக்கு வருமா?"

"சார், அதை..."

"பேசாதே. ஆளைக் கண்டுபிடி. உன் நாற்காலியையே அவனுக்குத் தரேன்."

மூன்று வருடமாக நிரப்பி நிரப்பி அலுத்தவள், மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பழைய தாளை எடுத்து அவர்முன் விரித்தாள். அதே வெறுமை. அதே துளி. வெறுமையைச் சுற்றிச் சிவப்பு வட்டம்; பக்கத்தில் முதலாளியின் கையெழுத்து: 'சும்மா கிடக்கிறது. நிரப்பு!'

"புள்ளி அந்த நாற்காலியிலதான் சார் இருக்கா," என்றாள். "இன்னிக்கு சாயங்காலத்தோட எழுந்துடுவா."