மூன்று பந்துகள்

நுரையீரலில் ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள், பஸ் கண்டக்டர் மாசிலாமணியிடம் நர்ஸ் மூச்சுப் பயிற்சிக்காக, உள்ளே மூன்று பந்துகளும் வெளியே குழாயும் வைத்த பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைக் கொடுத்து, "மூணு பந்தும் மேல ஏறணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். முப்பது வருஷம் விசில் ஊதிய வாய். குழாயைக் கவ்வி, கன்னம் புடைக்க ஊதினார். ஒரு பந்தும் அசையவில்லை.

"அவ்வளவுதான் பூங்கோதை. உள்ள ஒண்ணுமே இல்ல போல."

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

திரும்பி வந்த நர்ஸ் சிரித்துவிட்டாள். "ஐயா, இது விசில் இல்ல. ஊதக் கூடாது, உறிஞ்சணும்!"

இழுத்தார். தையல் சுரீரென்றது, விலா விரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்றாவதும் எழுந்து உச்சியில் ஒட்டிக்கொண்டது. இறங்கிவிடுமோ என்று இழுத்துக்கொண்டே இருந்தார். கட்டில் கம்பியை இரண்டு தட்டுத் தட்டிப் பூங்கோதைதான் குரல் கொடுத்தாள்:

"போலாம் ரைட்!"