முதல் கேள்வி

இடைத்தேர்தலுக்கு மூன்று நாள்தான் இருந்தது. வேட்பாளர் யூட்சனின் அலுவலகத்தில், அவருக்காகக் கருத்துக்கணிப்பு நடத்தும் சீமோனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. போன கிழமை வரை இழுபறியாக இருந்த கருத்துக்கணிப்பில், இன்றைக்கு யூட்சன் பன்னிரண்டு புள்ளி முன்னுக்கு நின்றார்.

கணிப்பின் ஒரு பகுதியாக, கனடாவின் ஸ்காபரோத் தமிழ் வீடுகளுக்குப் போன் எடுத்தவள், புதிதாக வேலைக்கு வந்த நிலாணி.

“எத்தினை பேர் கதைச்சவை, பிள்ளை?”

“இருநூறு பேர், அங்கிள். நூற்றெழுபது பேர் யூட்சன் அண்ணைக்குத்தான் போடுவினமாம்.”

“பாதியில போனை வைச்சவை?”

“ஒருத்தரும் வைக்கேல்லை.” பெருமையாகச் சொன்னாள்.

சீமோன் சன்னலுக்கும் மேசைக்குமாக நடந்தார். பத்து வருடமாக இந்த வேலை பார்க்கிறார். ஒருவரும் போனை வைக்காத ஒரு நாளைக்கூட அவர் கண்டதில்லை. சட்டென்று நின்றார்.

“தாளில இருக்கிற முதல் கேள்வியைக் கேட்டனீரோ?”

நிலாணி தலையைக் குனிந்தாள். “அதை விட்டிட்டன்.”

“ஐயோ பிள்ளை! ‘நீங்கள் கனடா சிற்றிசனோ?’ எண்டு கேக்காட்டி, குடியுரிமையும் வோட்டும் இல்லாத ஆக்களையும் எல்லோ சேர்த்து எண்ணியிருப்பீர்!”

“எங்கட ஆக்களிட்டை அதை எப்பிடி அங்கிள் கேக்கிறது? பயந்திடுவினம்.”

“பயப்பிட அதில என்ன கிடக்கு? வெறும் கேள்விதானே!”

“உங்களுக்கு வெறும் கேள்வி, அங்கிள். என்ர அகதிக் கேஸ் அஞ்சு வருசமா இழுபடுது. என்னட்டை ஆரும் அதைக் கேட்டால், நானும் போனை வைச்சிடுவன்.”