வேதகிரி கை வைத்த வண்டி

“தங்கச்சிக்கு வலி எட்துட்ச்சிண்ணா. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில சேத்துக்கீறாங்க. நேரம் பாத்து இந்த வண்டி கால வாருது.”

ஸ்டார்ட் ஆகாத பைக்கைத் தள்ளிக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க வந்த அந்த வாலிபன், வேதகிரியின் வீட்டு வாசலில் மூச்சு வாங்க நின்றான். உத்திரமேரூரில் எத்தனையோ மெக்கானிக் கடை இருக்க, அவன் தலையெழுத்து, இந்த வாசலுக்கு வந்து சேர்ந்தான்.

வேதகிரியின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! பைக் என்ஜினை வீட்டிலேயே பராமரிப்பது எப்படி என்று யாரோ பேசின வீடியோவைப் பார்த்துவிட்டு, அதில் சொன்ன அத்தனை சாமான்களையும் ஆன்லைனில் வரவழைத்து வைத்திருந்தார் மனுஷன். ரிங் ஸ்பானர், டி ஸ்பானர், பிளக் ஸ்பானர், வால்வு இடைவெளி பார்க்கிற கேஜ் என்று பெட்டி நிறைய. வெள்ளிக்கிழமை தவறாமல் துடைத்து, எண்ணெய் போட்டு, குங்குமப் பொட்டும் வைப்பார். வேலைதான் வைக்க மாட்டார்.

ஒரே ஒரு தடவை வைத்தார். சொந்த பைக்கின் என்ஜினைப் பிரித்து மாட்டினார். நாலு போல்ட் மீந்துபோனது. அன்றிலிருந்து அந்த வண்டி மாட்டுக் கொட்டகையில் நிற்கிறது. சீட்டின் மேல் கோழி அடை காக்கிறது.

அதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான் மருமகன் வினோத்குமார். ஒரகடத்தில் ஏதோ கம்பெனியில் சூப்பர்வைசர். “உங்களுக்கு இதெல்லாம் இன்னாத்துக்கு மாமா? பேசாம நெல்லு, நாத்துன்னு இருங்களேன்” என்று மகள் எதிரிலேயே சொல்லிவிட்டான். அன்றைக்கு வேதகிரிக்குச் சோறு இறங்கவில்லை. மாமாவுக்கும் விஷயம் தெரியும் என்று அந்த வாயால் ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும், அப்புறம் கட்டையில் போனாலும் சரி என்று இருந்தார்.

அந்த மருமகன்தான் இன்றைக்கு மதியம் சாப்பிட வருவதாகச் சொல்லியிருந்தான்.

“மாப்ள வர்ற நேரத்துல எவன் வண்டியோ போட்டு நோண்டிக்கினு கெடக்காதீங்க,” என்று அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள் மனைவி சொக்கம்மாள். “அந்தப் புள்ள அவசரத்துல கீது. பஜாருக்கு அனுப்பி வுடுங்க.”

“பஜாரெல்லாம் வேணாங்கா,” என்றான் வாலிபன். “அண்ணனப் பாத்தாலே தெரிது, கைராசிக்காரரு. அவரே பாக்கட்டும்.”

தன்னையும் ஒருத்தன் நம்பிவிட்டான்! வேதகிரிக்குக் கண்ணே கலங்கிவிட்டது. பெட்டியைத் தூக்கி வந்து, கல்யாணச் சீர் பரப்புகிற மாதிரி எல்லாவற்றையும் கோணியின் மேல் பரப்பினார்.

“கடசியா எப்போ ஆயில் மாத்துனே?”

“தெர்லண்ணா.”

“மைலேஜு எவ்ளோ குடுக்குது?”

“தெர்லண்ணா.”

“வண்டியப் பத்தி ஒரு மண்ணும் தெரியாம இன்னாய்யா ஓட்டிக்கினு கீறே! உன்னிய மாதிரி ஆளுங்களாலதான் என்ஜினு நாசமாப் போவுது” என்று ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தார். அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

பிளக்கைக் கழற்றி, என்ஜின் மேல் வைத்து, கிக்கரை உதைத்துப் பார்த்தார். பொறி வரவில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். அப்போதும் வரவில்லை. அடுப்படியில் சொக்கம்மாள் சிரிப்பது கேட்டது. ரோஷம் பொத்துக்கொண்டு வர, ஸ்பானரை எடுத்துச் சீட்டையே கழற்றிவிட்டார்.

கம்பெனி ஒயர்களுக்கு நடுவே, சம்பந்தமே இல்லாமல் ஒரு சிவப்பு ஒயர் டேங்க் அடியில் எங்கேயோ போய்த் திரும்பி வந்தது.

“பாத்தியா! எவனோ அரைவேக்காடு இழுத்து வுட்டுக்கீறான். கரண்டு இம்மாந்தூரம் சுத்திக்கினு போனா எப்பிடிப் பொறி வரும்?” கட்டிங் பிளேயரால் சிவப்பு ஒயரை நறுக்கி எறிந்துவிட்டு, மிச்சமிருந்த இரண்டு முனைகளையும் நேராக முறுக்கி டேப் சுற்றினார்.

ஒரே உதை. வண்டி உறுமியது!

வேதகிரி குதித்தேவிட்டார். சொக்கம்மாள் கரண்டியும் கையுமாக ஓடி வந்து வாயைப் பிளந்தாள். வாலிபன் தொபுக்கென்று அவர் காலில் விழுந்தான்.

“உங்க கைய கண்ல ஒத்திக்கணும்ணா. நீங்க இல்லன்னா இன்னிக்கி என் பொழப்பு நாறியிருக்கும்.”

“இருய்யா, எங்க மாப்ள வந்துருவாரு. அவரு எதிர்ல ஒருக்கா ஸ்டார்ட் பண்ணிக் காட்டிட்டுப் போயேன்.”

“தங்கச்சிண்ணா...” என்றபடியே அவன் தெருமுனையைத் தாண்டிவிட்டான்.

வேதகிரி கிரீஸ் கையைக் கழுவவில்லை. கழுவிவிட்டால் மருமகனுக்கு எப்படித் தெரியும்? பெருமையை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று யோசித்தபடி தெருவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வினோத்குமார் வந்தான். நடந்து வந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“இன்னா மாப்ள, நடந்து வர்றீங்க?”

“போன வாரம்தான் செகண்ட் ஹேண்ட்ல ஒரு பைக் எடுத்தேன் மாமா. உங்களாண்ட காட்டலாம்னு ஓட்டினு வந்தேன். பஸ் ஸ்டாண்டாண்ட சாவிய அதுலயே வுட்டுட்டு ஸ்வீட் வாங்கப் போனேன். எவனோ தள்ளிக்கினு பூட்டான். ஸ்டேசன்ல சொல்லிட்டு வர்றேன்.”

சொக்கம்மாள் புருஷனைப் பார்த்தாள். வேதகிரி கிரீஸ் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி வாசற்படியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“நீங்க ஏன் மாமா இதுக்குப் போயி ஆடிப் போறீங்க? அவனால ஸ்டார்ட் பண்ணவே முடியாது,” என்று மாமனாரின் தோளைத் தட்டினான் மருமகன். “டேங்குக்கு அடியில ரகசியமா ஒரு சுவிட்ச் வச்சிக்கீறேன், ஆஃப் பண்ணிட்டுத்தான் கடைக்கிப் போனேன். அத்தக் கண்டுபுட்ச்சி ஒயர கட் பண்ற அளவுக்கு இந்த ஊர்ல எவனுக்கு மாமா மூள கீது?”