கருகாத ஸ்பீக்கர்

"ஃபுல்லா வச்சாலும் இனிக் கருகாது மாப்பிள்ளை," என்று சொல்லிக்கொண்டே கடைசி வயரையும் முறுக்கினார் தர்மராஜா.

மாத்தளை டவுனில் முப்பது வருடமாக ஸ்பீக்கர் திருத்துகிற மனிதர். ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு, பெட்டிகளோடு த்ரீவீல் பிடித்து இரத்தோட்டையில் மகள் வீட்டுக்கு வந்திருந்தார்.

மருமகன் நிருஜன் இதுவரை மூன்று ஜோடியைக் கருக்கியிருந்தான். மூன்றையும் பிரித்துப் பார்த்தவர் இவர்தான். மூன்றிலும் உள்ளேயிருந்த செப்புச் சுருள், சுட்ட கத்தரிக்காய்த் தோலாகக் கிடந்தது. சின்ன ஆம்ப்ளிஃபயரைக் கடைசிவரை திருகினால் அதுதான் கதி.

வேறு யாராவது என்றால் வாயில் வந்ததையெல்லாம் கேட்டிருப்பார். பெண் கொடுத்த இடத்தில் அப்படிப் பேச முடியுமா? கல்யாணமாகி இரண்டு வருடமாகியும் மாப்பிள்ளை முறுக்குத் தளரவில்லை.

அதோடு, ஸ்பீக்கர் கருகிய நாட்களில் மகள் துஷாந்தினி போனில்கூடச் சரியாகப் பேசுவதில்லை. பாட்டில்லாமல் வீடு களையிழந்து போகிறதாக்கும் என்று இவர் நினைத்துக்கொள்வார்.

ஆகவே மருமகனின் கைக்குத் தாங்கும் சாமானை இவரே தேடினார். பார்வைக்கு லட்சணமானதையெல்லாம் ஒதுக்கினார். காந்தத்தின் கனத்தைத் தூக்கிப் பார்த்தார். விளிம்பு ரப்பரை நகத்தால் கீறிப் பார்த்தார். கடையிலேயே ஒரு பகல் முழுக்க அலறவிட்டுத் தொட்டுப் பார்த்தார், சூடேறவில்லை. இரண்டு மடங்கு பலமுள்ள ஆம்ப்ளிஃபயரையும் சேர்த்தே கொண்டுவந்தார்.

மகள் வீடு கலகலப்பாக இருக்க வேண்டும். அவருக்கு வேறென்ன வேண்டும்.

நிருஜன் போனில் ஒரு குத்துப்பாட்டைத் தட்டினான். தர்மராஜா குமிழைத் திருகினார். பாதி. முக்கால். முழுசு.

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஸ்பீக்கரில் ஒரு பிசிறு இல்லை. தன் கைவேலையைத் தானே மெச்சிக்கொண்டு மகளைத் திரும்பிப் பார்த்தார்.

துஷாந்தினி தேநீர்த் தட்டை மேசையில் வைத்தாள். கையிலிருந்த கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி ஜன்னலோரம் வைத்தாள். காதுத் தோட்டையும் கழற்றினாள். பிறகு சுவரோடு ஒட்டி, தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

நிருஜன் போனைப் பார்த்துத் தாளம் போட்டுக்கொண்டிருந்தான்.

தர்மராஜாவின் கண் அந்த வளையல்களிலேயே நின்றது. உடைந்தால் கையில் குத்தும். அதனால்தான் கழற்றுகிறாள். பாட்டு இந்த அளவுக்கு ஏறினால் அடுத்தது அடிதான் என்று அவள் உடம்புக்குத் தெரிந்திருக்கிறது.

மூன்று முறை பாட்டு நடுவில் நின்றுபோயிருக்கிறது. அந்த மூன்று முறையாவது பக்கத்து வீட்டுக்கு அவள் குரல் கேட்டிருக்கும். யாராவது வந்து கதவைத் தட்டியிருப்பார்கள். இனி அதற்கும் வழியில்லை. பாவி, நானே பார்த்துப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு வந்தேனே என்று மனம் அரற்றியது.

அவர் குமிழைச் சட்டென்று கீழே திருகினார்.

சத்தம் அடங்கியதும் துஷாந்தினி நிமிர்ந்தாள். அப்பாவின் கண் எங்கே நிற்கிறது என்று பார்த்தாள். வளையல்களை அள்ளி அவசரமாக மாட்டிக்கொண்டாள்.

"சவுண்ட் நல்லா இருக்குப்பா," என்றாள்.