பேரம் பேசாத வாடிக்கை

“இது எனத்துக்கு உங்கட பைக் சீட்டுக்கு அடியில ஈக்கி?”

றலியா மேசைமேல் எறிந்தது ஒரு பழுப்பு டேப் சுருள், கூடவே சாமான் சுற்றி வரும் குமிழ்ப் பிளாஸ்டிக் உறை. டவுனில் வேலை என்று போய் வந்தவள், அபாயாவைக்கூட இன்னும் கழற்றவில்லை.

அவள் புருஷன் தாஸிம் டீக் கோப்பையைக் கீழே வைத்தார். “சும்மா... வேல செய்ற கந்தோர்ல கெடந்திச்சி. எடுத்துட்டு வந்தேன்.”

சும்மாவாம்! பதினாறு வருஷம் கூடக் குடித்தனம் நடத்தியவளிடமா இந்தக் கதை? வாங்கின சாமானை ஒளிக்கிறவர்கள் முதலில் அதன் உறையைத்தான் ஒளிப்பார்கள். அந்த நெளிவு சுளிவெல்லாம் றலியாவுக்கு அத்துப்படி.

கட்டுகஸ்தோட்டையில் அவர்கள் வீட்டு ஆடம்பரம் பிரசித்தம். பெருநாளுக்குப் பெருநாள் புதுத் திரைச்சீலை, விருந்துக்கு விருந்து புது டின்னர் செட். மலிவு விற்பனை என்று ஒரு பலகையைக் கண்டால் போதும், இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு அள்ளுவார்கள். பிரிக்கக்கூட நேரமில்லாத பெட்டிகள் மேல் அறையில் குவிந்தன. உள்ளே என்ன இருக்கிறது என்பதே இருவருக்கும் மறந்துபோயிற்று. பேங்கிலிருந்து ஏல நோட்டீஸ் வந்த பிறகுதான் புத்தி வந்தது. வருகிற வெள்ளிக்கிழமைக்குள் இரண்டரை லட்சம் கட்டாவிட்டால் வீடு போய்விடும். சாப்பாட்டுச் சாமான் தவிர இனி ஓர் ஊசிகூட வாங்குவதில்லை என்று மூன்று மாதத்துக்கு முன்பே இருவரும் சத்தியம் பண்ணியிருந்தார்கள்.

“மேல் ரூம் சாவி எங்க?”

“அதெனத்துக்கு இப்ப?”

“எங்கன்டு கேக்கிறேன்.”

“தொலஞ்சி போச்சி.”

“தொலஞ்சிதா? நான் டியூஷன் குடுக்கப் போற சனிக்கிழமையில மட்டும் வாசலுக்கு த்ரீவீல் வந்து போகுதாம். எதிர் வீட்டு சகீனா ராத்தா சென்னாங்க. போனப் பாத்துப் பாத்துச் சிரிக்கிறீங்க. நான் வந்தாக் கவுத்து வெக்கிறீங்க. சாமானா, பொம்புளயா? ரெண்டில ஒண்டச் செல்லுங்க. பொம்புளன்டா அழுது முடிச்சிட்டு விட்டுருவேன். சாமான்டா விடவே மாட்டேன்!”

தாஸிமுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதைப் பார்த்ததும் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். முன்னால் படியேறிப் போய் மேல் அறையைத் திறந்துவிட்டார்.

அறை வெறிச்சோடிக் கிடந்தது. மூலையில் ஒரே ஒரு பெட்டி.

“வித்துட்டேன் புள்ள. பேஸ்புக்ல வேற பேர்ல போட்டு வித்தேன். பிரிக்காத பெட்டிதானே, கடைக்காரன் போட்ட படத்தையே நானும் போட்டேன். வெள்ளிக்கிழம சல்லியக் கட்டி முடிச்சிட்டுத்தான் உனக்கிட்ட செல்ல நெனச்சேன். முன்னுக்கே சென்னா, ஒண்டயாவது விக்க விட்டீப்பியா?”

றலியாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்த மனிதரையா மூன்று வாரமாகக் கள்ளனைப் போல உளவு பார்த்தாள்? வெட்கத்தில் அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“அப்ப... வீடு தப்பிச்சிதா?”

“தப்பிச்ச மாதிரித்தான். பதினொரு சாமான், ரெண்டு லட்சத்து நாப்பதாயிரம். எல்லாத்தயும் ஒரே மனிசிதான் வாங்கின. பேரம் ஒரு வார்த்த பேசல்ல! வீட்டு அட்ரஸும் குடுக்கல்ல. டவுன் கூரியர் கந்தோருக்கே வந்து சல்லியக் கட்டி எடுத்துட்டுப் போறா. ஓவன், ரைஸ் குக்கர், தங்கக் கரை போட்ட டின்னர் செட்...”

றலியாவின் முகம் மாறியது. “பேரெனத்த அந்த மனிசிக்கு?”

“ருஷ்தான்டு போட்டீக்கி. மொகம் இல்ல, ஒரு ரோசாப்பூப் படம்தான். பாத்தியா, மறுகா சந்தேகப்படுற! அந்தப் புண்ணியவதிக்கு அல்லாஹ் பரக்கத் செய்யணும். அவட சல்லிதான் நம்மட வீட்டக் காப்பாத்தின.”

“போதும். இனி அவக்கு ஒண்டும் அனுப்ப வாணாம்,” என்றாள் றலியா அவசரமாக.

“இந்தக் கடைசிப் பெட்டியும் போனா பத்தாயிரம் வரும், கணக்குச் சரி.” தாஸிம் போனை எடுத்து, எழுதுவதை உரக்கச் சொல்லிக்கொண்டே தட்டினார். “மேடம், இதுதான் கடைசிச் சாமான். உங்களுக்குத்தான் மொதல்ல செல்றேன்.”

றலியாவின் தோளில் தொங்கிய கைப்பைக்குள் ‘டிங்’ என்றது.

தாஸிம் தலையை நிமிர்த்தினார். அவளையே பார்த்துக்கொண்டு இன்னொரு தடவை அனுப்பினார். மறுபடியும் ‘டிங்’.

தாஸிம் போனை மெல்லச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“அந்தப் புண்ணியவதிக்கு எங்கால இவ்வளவு சல்லி?”

“என்ட வளையல் எல்லாத்தயும் அடகு வெச்சிட்டேன்,” என்றாள் றலியா.