அமைச்சருக்கு ஒரு மனு

"அடுத்த மாசத்துல இருந்து டயாலிசிஸுக்கு நீங்க வேற வழி பாக்கணும்க்கா."

காலையிலிருந்து பதினோரு பேரிடம் இதைச் சொல்லியாகிவிட்டது. ஆனாலும் தவமலரிடம் சொல்லும்போது ஷீனாவின் மலையாளம் கலந்த தமிழ் தடுமாறியது.

சாலைக் கடைத்தெருவில், துணிக்கடைக்கு மேலே இருந்த அந்தச் சின்ன அலுவலகம்தான் இலங்கை அகதிகளின் வைத்தியச் செலவைப் பார்த்துக்கொண்டது. பணம் கொடுத்தது கடல் கடந்த ஒரு அரசாங்கம். அங்கே பட்ஜெட்டில் துண்டு விழுந்ததாம். முதல் வெட்டு அகதிகள் உதவிக்கு.

வித்துராவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள் தவமலர். வீங்கிய கால்களை மெல்லத் தடவிக்கொண்டாள்.

"பெரியாஸ்பத்திரியில செய்யேலாதோ பிள்ளை?"

"பேர் கொடுத்திருக்கேன். ஏகப்பட்ட பேர் காத்திருக்காங்க. எப்ப கூப்பிடுவாங்கன்னு எனக்கு அறியில்லக்கா."

ஷீனா கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினாள். கோட்டுப் போட்ட ஒருவர் மைக் முன்னால் நின்றிருந்தார்.

"இந்த மினிஸ்டர்தான் நிறுத்தச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது. இவரும் தமிழர்தான், கேட்டோ! சின்னப் பையனா இருக்கும்போது அகதியா அங்க போனவராம். நாம ஒரு மனு எழுதுவோம். உங்க நிலைமை தெரிஞ்சா மனசு இளகும்."

"எழுதினனான். கிட்னி பழுதான உடனை, போன வருசமே மூண்டு கடிதம். கிடைச்சதெண்டு செயலாளர் பதில் போட்டவர்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

ஷீனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நன்றி கெட்ட ஜென்மம்!"

"அப்பிடிச் சொல்லாதை!" தவமலரின் குரல் முதன்முறையாக உயர்ந்தது.

"இவனுக்கு எதுக்குக்கா வக்காலத்து வாங்குறீங்க? அந்த நாடு மட்டும் சேத்துக்கலேன்னா இவன் இன்னைக்கு எங்க கிடப்பான்?"

"இஞ்சதான். இந்தக் கதிரையில." தவமலர் மேசையைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்தாள். "அங்க ஆக்களை அனுப்புற ஏஜென்சிக்காரனிட்ட ஒராளுக்குத்தான் இடம் இருந்தது, பிள்ளை. எனக்கெண்டு அம்மா பிடிச்ச இடம். தம்பி சின்னவன், அவன் போகட்டும் எண்டு நான்தான் ஏத்திவிட்டனான்."