ஒன்பதாவது மாடிப் புகார்

"செடிக்குள்ள பாம்பு பார்த்தேன்மா" என்றார் புகார் சார்.

செடிக்காரம்மாவுக்குச் சுள்ளென்று கோபம் ஏறியது. புதிதாக எழும்பிய அந்த இரண்டு அடுக்குமாடிகளைச் சுற்றித் தெருவோரத் தோட்டம் போட்டுப் பராமரிக்கும் ஒப்பந்தம் அவளுடையது.

"எங்க சார் பார்த்தீங்க?"

"பஸ் ஸ்டாப் பக்கம்."

"எங்கேயிருந்து பார்த்தீங்க?"

"என் பால்கனியிலேருந்து."

அவர் குடியிருப்பது ஒன்பதாவது மாடியில். பருந்துக்குக்கூட அந்தக் கண் இருக்காது.

"சாயங்காலம் ஆனா அந்தப் பக்கம் ஒண்ணும் தெரியறதில்ல. விளக்கு போட்டாகணும்னு கமிட்டியில சொல்லிட்டேன்" என்று சொல்லிவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவர் நடந்தார்.

ஒன்றும் தெரியாத இருட்டில் பாம்பு மட்டும் தெரிந்ததாம்.

ஓய்வு பெற்ற மனுஷன். பொழுது போகவில்லை போலிருக்கிறது. தோட்டம் போட்ட நாளிலிருந்து அவள் உயிரை எடுக்கிறார்.

முதலில், பாத்திச் சுவரின் விளிம்பு கூர்மையாக இருக்கிறது, சட்டை கிழிந்துவிட்டது என்றார். கமிட்டி பதறிப்போய், சுவர் நெடுக வழவழப்பான அகலக் கல் பதிக்கச் சொன்னது. அவள் வரிசை பிடித்து நட்டிருந்த செடிகளில் பாதி நசுங்கின.

அப்புறம், நடைபாதை வெயிலில் பளபளத்துக் கண்ணைக் கூசுகிறது என்றார். உள்பக்கம் வேர் பிடித்துக்கொண்டிருந்த மரங்களைத் தோண்டி எடுத்து நடைபாதை ஓரமாக மாற்றி நட வேண்டியதாயிற்று. அவை பிழைக்குமா என்று அவள் பல நாள் சரியாகத் தூங்கவில்லை.

அதற்கும் பிறகு, தண்ணீர்க் குழாய் தடுக்கிவிட்டது என்றார். உள்ளே இருந்த குழாய் தெருப்பக்கம் போனது.

"அக்கா, அடுத்த தடவை மண்ணு அழுக்கா இருக்கு, கழுவிப் போடுங்கன்னு சொல்லப் போறாரு" என்றார் அவளிடம் குழி வெட்டுகிறவர்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று காலைதான் குடியிருப்போர் சங்கச் செயலாளர் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. உங்க வேலையில எங்களுக்குக் குறையில்ல. ஆனா இத்தனை புகார் வந்தா கமிட்டியில கேக்கறாங்க, அடுத்த வருஷம் வேற ஆளைப் பார்க்கலாமான்னு."

விளக்கும் வந்தது. அது எரிகிறதா என்று பார்க்க, பொழுது சாயும் நேரத்தில் அவளே போனாள். எரிந்தாலும் எரியாவிட்டாலும் இன்று புகார் சாரிடம் நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்றுதான் கிளம்பியிருந்தாள்.

அவரே எதிரில் வந்தார்.

"விளக்கு நல்லா எரியுதும்மா."

"எரியுது சார். என் வயிறும்தான் எரியுது" என்றாள். "உங்களுக்கு நான் என்ன பாவம் பண்ணேன்? ஏன் என் பிழைப்புல மண்ணை அள்ளிப் போடறீங்க? ஒப்பந்தம் போயிடும் போலிருக்கு."

புகார் சார் திடுக்கிட்டுப் போனார்.

"உங்களை மாத்தறதா? செயலாளர் அதை என்கிட்டயும் சொன்னார்மா. 'இந்தத் தோட்டத்துல என் பேச்சைக் காது குடுத்துக் கேக்கறது அந்தம்மா ஒருத்தர்தான், அவங்களை மாத்தினா தினமும் உங்க வீட்டுக்கு வந்து உங்ககிட்டதான் புகார் சொல்வேன்'னு அவர்கிட்ட சொன்னேன். அப்பவே அடுத்த வருஷத்துக்கும் நீங்கதான்னு முடிவு பண்ணிட்டார்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்போதுதான் பஸ் ஸ்டாப் பக்கம் நிமிர்ந்து பார்த்தாள்.

அந்த நிறுத்தத்தில் உட்கார ஒரு பலகைகூடக் கிடையாது. ஆனால் பாத்திச் சுவரின் அகலக் கல்மேல் ஒரு கர்ப்பிணிப் பெண் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில், பகலெல்லாம் வெயிலில் சுற்றிய சாமான் கொண்டு தருகிற பையன்கள் மரத்தடியில் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் குழாயைத் திறந்து முகம் கழுவினார். பஸ்ஸிலிருந்து இறங்கிய இரண்டு பெண்கள், புது விளக்கின் வெளிச்சத்தில் அவசரமில்லாமல் பேசிக்கொண்டே நடந்தார்கள்.

கல். நிழல். தண்ணீர். வெளிச்சம்.

செடிக்காரம்மா அவரை மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள்.

"சார், ஆரம்பத்துல நானும் கமிட்டியில கேட்டேன். பஸ்ஸுக்கு நிக்கறவங்களுக்கு ஒரு பெஞ்சு போடலாம்னு. ரோட்டுல போறவங்களுக்கெல்லாம் நாம எதுக்குச் செய்யணும்னு முடியாதுன்னுட்டாங்க."

"தெரியும். நானும் அந்தக் கூட்டத்துல இருந்தேன்" என்றார் அவர். "உதவின்னு கேட்டா கூட்டம் போடுவாங்கம்மா. புகார்னு சொன்னா ஆள் அனுப்புவாங்க."

அவள் நடைபாதைத் திருப்பத்தைக் கையால் காட்டினாள். அங்கே ஒருவர் தன் மனைவியின் சக்கர நாற்காலியைப் படிமேல் உருட்டி ஏற்ற முடியாமல் தூக்கிக்கொண்டிருந்தார்.

"அந்தப் படியை உடைச்சுச் சரிவாப் போட்டா நல்லாயிருக்கும். நீங்க எப்ப சார் அதுல தடுக்கி விழப் போறீங்க?"

புகார் சார் படியை ஒருமுறை கூர்ந்து பார்த்தார்.

"நாளைக்குக் காலையில விழுந்துடறேன்மா."